பாயும் புளிசாதமும் போதும், சிம்ஃபனி கேட்கலாம்!

சிம்ஃபனி என்றதும் கோட்டு சூட்டு, விலை கூடிய டிக்கெட், இரண்டு மணி நேரம் அசையாமல் உட்காருவது என்று பயந்து ஒதுங்குகிற குடும்பங்கள் நம்மில் நிறைய. சிங்கப்பூரில் இருந்துகொண்டு அப்படி ஒதுங்குவது பெரிய நஷ்டம், தோழிகளே. தாவரவியல் பூங்காவில், அதுதான் நம் பெரியவர்கள் வாயில் வரும் பூமலையில், ஏரி நடுவே இருக்கும் மேடையில் சிங்கப்பூர் சிம்ஃபனி இசைக்குழு இலவசமாகவே வாசிக்கிறது. குழந்தைகள், மாமியார், சாப்பாட்டுக்கூடை சகிதம் பல வருடம் போய் வந்ததில் கைவந்த சின்னச் சின்ன வழிகளை இங்கே எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது உதவுமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

1. முதல் தடவை போகிறவர்கள் அரங்கத்தில் தொடங்காதீர்கள், பூமலையில் தொடங்குங்கள். பூங்காவுக்குள் நுழையவும் காசில்லை, கச்சேரிக்கும் காசில்லை, குழந்தை அழுதால் தூக்கிக்கொண்டு நாலு எட்டு நடந்துவிட்டு வரலாம். மே மாதம் அன்னையர் தினத்தை ஒட்டி நடக்கும் கச்சேரிக்கு அம்மாவை அழைத்துப் போய்ப் பாருங்கள். ஹோட்டல் சாப்பாட்டைவிட நிறைவாக இருக்கும்.

2. இசைக்குழுவின் நிகழ்ச்சி அட்டவணை வந்தவுடன் ‘இலவசம்’ என்று இருக்கும் தேதிகளைச் சமையலறைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டு வையுங்கள். கைபேசியில் போட்டு வைத்தால் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். காலண்டரில் இருந்தால் அன்றைக்கு யாரும் டியூஷன், பிறந்தநாள் விருந்து என்று வேறு எதற்கும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

3. தேக்காவில் காய்கறி, மல்லிகைப்பூ வாங்க வேண்டியிருந்தால் அதையும் அன்றைக்கே முடித்துவிடுங்கள். லிட்டில் இந்தியா நிலையத்தில் டவுன்டவுன் பாதை ரயிலில் ஏறினால் நியூட்டன், ஸ்டீவன்ஸ், அடுத்து பொட்டானிக் கார்டன்ஸ். மூன்றாவது நிறுத்தத்தில் இறங்கிவிடலாம். ஒரே பயணத்தில் இரண்டு வேலை.

4. அந்த நிலையத்திலிருந்து ஏரிக்கு நடை கொஞ்சம் அதிகம், கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். வயதானவர்கள் கூட வந்தால் டாக்சியில் நாசிம் வாசலுக்குப் போகச் சொல்லுங்கள். வருகையாளர் நிலையம் அங்கேதான் இருக்கிறது, ஏரியும் அங்கிருந்து கிட்டம். நடக்கத் தெம்பிருப்பவர்கள் ரயிலில் வரட்டும், தாத்தா பாட்டியும் சாப்பாட்டுக்கூடையும் மட்டும் டாக்சியில் வரட்டும் என்று பிரித்துக்கொண்டால் செலவு பாதி.

5. புல்தரை மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உட்கார்ந்த பத்தாவது நிமிடம் ஈரம் ஏறும். கிழிந்துபோன குளியலறைத் திரையையோ பழைய மேசை விரிப்பையோ அடியில் போட்டு அதன்மேல் பாயை விரியுங்கள். செய்தித்தாள் போடாதீர்கள், நனைந்து கூழாகிப் பாயில் ஒட்டிக்கொள்ளும்.

6. மேடை தண்ணீருக்கு நடுவில், நாம் உட்காரும் புல்வெளியோ சரிவில். ஏரிக்கரையை ஒட்டி முன்னால் போய் உட்கார முண்டியடிக்க வேண்டாம். சரிவில் பாதி ஏறி நடுவாக உட்கார்ந்தால் முன்வரிசைத் தலைகளுக்கு மேலே முழு இசைக்குழுவும் தெரியும். திறந்தவெளியில் மைக், ஒலிபெருக்கி வைத்துத்தான் வாசிப்பார்கள், அதனால் ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே கைக்குழந்தையோடு உட்காராமல் தள்ளி இடம் பிடியுங்கள்.

7. மடக்கு நாற்காலி கொண்டு போகிறவர்கள் ஓரமாகவோ கடைசியிலோ போட்டுக்கொள்ளுங்கள், பின்னால் பாயில் இருப்பவர்கள் மனதார வாழ்த்துவார்கள். முட்டிவலிக்காரர்களுக்கு வீட்டில் இருக்கும் மர மணையும் அதன்மேல் ஒரு தலையணையும் போதும்.

8. சாப்பாட்டுக்குப் புளிசாதம், எலுமிச்சைசாதம், பொடியும் எண்ணெயும் தடவிய இட்லி, சுருட்டிய சப்பாத்தி. குழம்பு, ரசம் வேண்டாம். தயிர்சாதம் கொண்டு போவதாக இருந்தால் மதியமே சாதத்தைப் பாலில் குழையப் பிசைந்து ஒரு கரண்டி தயிர் மட்டும் விட்டு மூடிவிடுங்கள். ஆறு மணிக்குப் புளிக்காமல் பதமாக உறைந்திருக்கும். முறுக்கு, சீடை, தட்டை எல்லாம் இசை தொடங்கும் முன்பே காலியாகிவிட வேண்டும். மெல்லிய இடம் வாசிக்கும்போது ஒரு தட்டையைக் கடித்தால் பத்துப் பாய்க்குக் கேட்கும்.

9. பூமலையில் காட்டுக்கோழிகள் குஞ்சுகளோடு உலாவும். டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தால் பாயோரம் வந்து நிற்கும். பாவம் என்று சோறு போடாதீர்கள், காட்டு உயிரினங்களுக்குத் தீனி போடுவது இங்கே சட்டப்படி குற்றம். எறும்புக்கும் கோழிக்கும் சேர்த்து ஒரே வழி, இறுக மூடும் டப்பா.

10. கொசுமருந்தை வீட்டிலேயே தடவிக்கொண்டு கிளம்புங்கள். பாயில் உட்கார்ந்து தெளித்தால் பக்கத்துக் குடும்பத்தின் சாப்பாட்டில் படும். முழங்கால் மூடும் பருத்திப் பாவாடையோ பைஜாமாவோ போட்டுவிட்டால் பிள்ளைகளுக்குப் பாதி மருந்து மிச்சம்.

11. தண்ணீர் பாட்டில்களில் இரண்டை முந்தின இரவே உறைய வைத்துவிடுங்கள். கூடைக்குள் சாப்பாட்டைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும், இசை முடிவதற்குள் உருகிக் குடிக்கவும் ஆகும்.

12. மழைக்குக் குடை விரித்தால் பின்னால் இருப்பவர்களுக்கு மேடை மறையும். பெரிய குப்பைப் பை ஒன்றின் அடிப்பகுதியில் தலைக்கும் இரண்டு பக்கம் கைகளுக்கும் ஓட்டை வெட்டினால் மழைச்சட்டை தயார். ஆளுக்கு ஒன்று மடித்து வைத்தாலும் கைக்குட்டை அளவுதான் இடம். பெரியவர்களே வெட்டி மாட்டிவிடுங்கள், சின்னக் குழந்தைகள் கையில் பையை விளையாடக் கொடுக்க வேண்டாம்.

13. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வானிலைச் செயலியையும் இசைக்குழுவின் சமூக ஊடகப் பக்கத்தையும் பாருங்கள். இடி மின்னல் இருந்தால் நிகழ்ச்சியைத் தள்ளிவைப்பார்கள் அல்லது ரத்து செய்வார்கள். வயலின், செல்லோ எல்லாம் மரம், தண்ணீர் பட்டால் கெட்டுவிடும். அதனால் அவர்களை நொந்துகொள்ளாமல் புளிசாதத்தை வீட்டுக்கூடத்தில் பாய் விரித்துச் சாப்பிட்டுவிடுங்கள்.

14. துணி கிளிப் நாலைந்து பையில் போட்டுக்கொள்ளுங்கள். காற்றில் பாய் விரிப்பு பறக்காமல் செருப்போடு சேர்த்துக் கவ்வி வைக்கலாம், தின்பண்டப் பையை மூடலாம், குப்பைப் பையைக் கூடையில் தொங்கவிடலாம். திறந்தவெளியில் வாசிக்கும் கலைஞர்களும் இசைத்தாள் பறக்காமல் இருக்க இதே கிளிப்பைத்தான் மாட்டுகிறார்கள். பிள்ளைகளிடம் காட்டுங்கள், கண்கள் விரியும்.

15. இங்கே வருடம் முழுக்க ஏழு மணியை ஒட்டி இருட்டிவிடும். ஆறு மணிக் கச்சேரி முடிந்து எழும்போது செருப்பைத் தேடிக் கைபேசி விளக்கை அடிக்காமல் இருக்க, உட்காரும்போதே எல்லார் செருப்பையும் ஒரு துணிப்பையில் போட்டுப் பாயின் மூலையில் வையுங்கள். அதே பை பாயின் மூலைக்குப் பாரமும் ஆகும்.

16. வந்து உட்கார்ந்ததும் பிள்ளைகளைக் கழிப்பறைக்கு அழைத்துப் போய் வந்துவிடுங்கள், அப்படியே வழியும் பழகிவிடும். இசை தொடங்கின பிறகு இருட்டில் பாய்களைத் தாண்டி நடப்பது உங்களுக்கும் சிரமம், மிதிபடுகிறவர்களுக்கும் சிரமம்.

17. ஆளுக்கொரு குப்பைப் பை வேண்டாம், பாய்க்கு ஒன்று போதும். போகும்போது நம் பாய் இருந்த இடத்தைப் பிள்ளைகள் இருவரை விட்டு ஒருமுறை சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். 1859இல் உண்டான தோட்டம், 2015இல் யுனெஸ்கோ உலக மரபுடைமை ஆன இடம்; நம் வீட்டுக் கூடம் மாதிரி விட்டுவிட்டு வர வேண்டும்.

18. ‘திறந்தவெளியில் வாசிப்பது சும்மா பொழுதுபோக்கு, அசல் சங்கீதம் அரங்கத்தில்தான்’ என்று யாராவது சொன்னால் ஹேண்டலைச் சொல்லுங்கள். அவருடைய ‘வாட்டர் மியூசிக்’ 1717இல் தேம்ஸ் நதியில் படகு மேல் வாசிக்கப்பட்டது. முதலாம் ஜார்ஜ் மன்னர் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டார். வாணவேடிக்கைக்கு ஹேண்டல் எழுதிய இசை 1749இல் லண்டன் கிரீன் பார்க்கில் ஒலித்தது. தண்ணீர்க்கரையில் உட்கார்ந்து கேட்பது முன்னூறு வருடப் பழக்கம்!

19. பூங்காவில் பெரும்பாலும் சின்னச் சின்ன உருப்படிகள்தான் இருக்கும்: ஓவர்சர் என்னும் தொடக்க இசை, வால்ட்ஸ், ஜான் வில்லியம்ஸின் சினிமா இசை, பெரிய சிம்ஃபனியிலிருந்து ஒரே ஒரு பகுதி. பிள்ளைகள் எதற்குத் தலை நிமிர்ந்தார்கள் என்று கவனித்து அந்தப் பெயரை மட்டும் எழுதி வையுங்கள். அடுத்த தடவை அரங்கத்தில் அதே படைப்பு முழுதாக வரும்போது டிக்கெட் வாங்கினால் ஒரு வெள்ளிகூட வீணாகாது.

20. சைக்கோவ்ஸ்கியின் ‘1812’ ஓவர்சர் பட்டியலில் இருந்தால் கைக்குழந்தைக்காரர்கள் கொஞ்சம் உஷார். முடிவில் பீரங்கி முழக்கத்தை அவர் இசைத்தாளிலேயே எழுதி வைத்திருக்கிறார், மேடையில் எதை வைத்து முழக்கினாலும் சத்தம் சத்தம்தான். அது வரும் முன் காதில் பஞ்சு, மடியில் குழந்தை.

21. இனி அரங்கம். விக்டோரியா கான்சர்ட் ஹால் சின்னது, 673 இருக்கைகள்தான், எங்கே உட்கார்ந்தாலும் மேடை பக்கத்தில் இருக்கிற மாதிரிதான். மொசார்ட், ஹைடன் போல அளவான இசைக்குழுவுக்கு எழுதிய படைப்புகளை இங்கே கேளுங்கள். முதல் தடவை அரங்கத்துக்கு வரும் பெரியவர்களுக்கும் இதுவே தோது.

22. எஸ்பிளனேட் அரங்கம் 2002இல் திறந்தது, சுமார் 1,600 இருக்கைகள். முள்முள்ளாக டுரியான் பழம் மாதிரி கூரை உள்ள கட்டடம் என்றால் பிள்ளைகளுக்கே தெரியும். மாலர், பெர்லியோஸ் போல மேடை நிறைய ஆட்கள் வேண்டிய படைப்புகள் இங்கேதான் முழுசாகக் காதில் விழும்.

23. அங்கே மலிவான இருக்கை என்று முகம் சுளிக்காதீர்கள். மேல்மாடியில் கடைசி வரிசையிலும் ஒலி தெளிவாக வந்து சேரும், அந்த அரங்கத்தைக் கட்டியதே அதற்காகத்தான். பார்வைக்குக் கண் எட்டவில்லை என்றால் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு வாங்கின பைனாகுலர் ஒன்று அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்குமே, அதை எடுத்துப் போங்கள்.

24. மேடைக்குப் பின்னால் இருக்கும் இருக்கைகளையும் விற்பது உண்டு. அங்கே உட்கார்ந்தால் இசைக்குழு நடத்துநரின் முகத்தை நேருக்கு நேர் பார்க்கலாம். அவர் புருவம் ஏற ஏற வயலின்கள் எழுவதும், உள்ளங்கை தாழத் தாழ அடங்குவதும், எங்கள் வீட்டுப் பையன் இரண்டு மணி நேரம் கண் எடுக்காமல் பார்த்த காட்சி. ஆனால் பாடகர் பாடும் நிகழ்ச்சிக்கும் பியானோ நிகழ்ச்சிக்கும் அங்கே வாங்காதீர்கள். பாடகர் நமக்கு முதுகைக் காட்டி நிற்பார், பியானோ மூடியும் எதிர்ப்பக்கம்தான் திறந்திருக்கும்.

25. எஸ்பிளனேட் அரங்கத்தில் 4,740 குழல்கள் உள்ள ஆர்கன் இருக்கிறது, ஜெர்மனியின் கிளைஸ் நிறுவனம் செய்தது. செயின்ட்-சான்ஸின் மூன்றாம் சிம்ஃபனி (1886) நிகழ்ச்சியில் வந்தால் விடாதீர்கள், அதில் ஆர்கன் சேர்ந்து ஒலிக்கும். கடைசிப் பகுதி தொடங்கும்போது இருக்கையே அதிரும். ஒலிநாடாவிலோ கைபேசியிலோ அது வராது.

26. 2025இல் 18 வயதோ அதற்கு மேலோ ஆகும் சிங்கப்பூரர் ஒவ்வொருவருக்கும் 100 வெள்ளி கலாசாரப் பற்றுச்சீட்டு கொடுத்திருக்கிறார்கள், 2028 டிசம்பர் கடைசி வரை செல்லும். உள்ளூர்க் கலை நிகழ்ச்சிகளுக்கு இதைப் பயன்படுத்தலாம், டிக்கெட் பக்கத்தில் பொருந்துமா என்று பார்த்து வாங்குங்கள். வீட்டில் அப்பா அம்மா, கணவன் மனைவி என்று நாலு பேர் இருந்தால் 400 வெள்ளி சும்மா கிடக்கிறது!

27. மாணவர், மூத்தோர், தேசிய சேவையாளர் சலுகை இருக்கிறதா என்று கேட்காமல் டிக்கெட் வாங்காதீர்கள். இணையத்தில் வாங்கும்போது டிக்கெட் விலைக்கு மேல் முன்பதிவுக் கட்டணமும் சேரும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

28. டிக்கெட்டே வேண்டாம் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. எஸ்பிளனேட் நடத்தும் ‘பியூட்டிஃபுல் சண்டே’ இலவசத் தொடரில் சமூக இசைக்குழுக்கள் பெரிய அரங்கத்திலேயே வாசிக்கும். தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் சியூ தோ இசைக் கல்லூரி மாணவர் கச்சேரிகளும் பல இலவசம். மாணவர்தானே என்று நினைக்க வேண்டாம், உயிரைக் கொடுத்து வாசிப்பார்கள்.

29. ஆறு வயதுக்குக் கீழ் உள்ளவர்களை வழக்கமான சிம்ஃபனி நிகழ்ச்சிக்கு அழைத்துப் போவது சரிவராது. அவர்களுக்கென்றே இசைக்குழு தனி நிகழ்ச்சிகள் நடத்துகிறது; எழுந்து ஆடலாம், பாடலாம். அதில் இரண்டு தடவை போய்ப் பழகின குழந்தை பிறகு பெரிய அரங்கத்தில் தானே அடங்கி உட்காரும்.

30. சால்வை, சால்வை, சால்வை! வெளியே வேர்த்துக் கொட்டினாலும் உள்ளே குளிரூட்டியில் இரண்டாம் பகுதிக்குள் விரல் மரத்துவிடும். பீத்தோவனின் ஐந்தாம், ஆறாம் சிம்ஃபனிகள் முதன்முதலாக ஒலித்த 1808 டிசம்பர் 22 அன்று வியன்னா மக்கள் கடுங்குளிரில் நாலு மணி நேரம் உட்கார்ந்து கேட்டார்களாம். நமக்கு ஒரு காஷ்மீர் சால்வை போதும், இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளலாம்.

31. கண்ணாடி வளையல், சலங்கை வைத்த கொலுசு, உரசினால் சத்தமிடும் புதுப் பட்டு மூன்றையும் அன்று பெட்டியிலேயே விடுங்கள். கைத்தறிப் பருத்திச் சேலை, மெல்லிய தங்க வளை, ஒரு முழத்துக்குப் பதில் கால் முழம் மல்லிகை. மூடின அரங்கத்தில் பூவாசம் பக்கத்து இருக்கைக்காரருக்குத் தலைவலி தரலாம். பூமலைக்குப் போகும்போது ஆசை தீர ஒரு பந்தாக வைத்துக்கொள்ளலாமே.

32. கைபேசியை ஓசையில்லாமல் வைத்தால் மட்டும் போதாது, மாத்திரைக்கு வைத்த அலாரம் அதையும் மீறி அடிக்கும். அணைத்தே வையுங்கள். தாத்தா கைக்கடிகாரம் மணிக்கொரு தடவை ‘பீப்’ அடிக்கிறதா என்றும் பாருங்கள்.

33. இருமல் மிட்டாயைச் சுற்றின காகிதத்தை மெதுவாகப் பிரித்தால் சத்தம் குறையாது, நீளும். ஒரு துண்டு சித்தரத்தை அல்லது அதிமதுரம், இல்லையென்றால் இரண்டு கற்கண்டும் ஒரு மிளகும், பருத்திக் கைக்குட்டையில் முடிந்து கொண்டு போங்கள். தொண்டை கரகரத்ததும் வாயில் அடக்கிக்கொண்டால் அந்தப் பகுதி முடியும் வரை தாங்கும். இப்படி ஒரு முடிச்சு என் கைப்பையில் எப்போதும் கிடக்கும், பக்கத்தில் இருமுகிறவருக்கும் நீட்டியிருக்கிறேன்.

34. தாமதமாக வந்தால் உருப்படி முடியும் வரை வெளியேதான் நிற்க வேண்டும். தொடக்கத்தில் உள்ள ஓவர்சர் பத்து நிமிடம், அதோடு போய்விடும். பெரிய சிம்ஃபனியே முதலில் இருந்தால் டிக்கெட்டில் பாதி காசு வாசலிலேயே கரையும். ஏழரை மணி என்றால் ஏழு மணிக்கு அங்கே இருங்கள்.

35. இடைவேளைச் சிற்றுண்டி விலை கூடுதல், வரிசையும் நீளம். கிளம்பும் முன் வீட்டில் இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டால் அந்த இருபது நிமிடமும் கழிப்பறைக்கும் கால் நீட்டவும் உங்களுக்கே.

36. அடுத்த வாரம் கேட்கப் போகும் படைப்பை இந்த வாரமே சமையலறையில் ஓடவிடுங்கள். யூடியூபில் கிடைக்கும், வானொலியில் சிம்ஃபனி 924 நாள் முழுக்க மேற்கத்திய சாஸ்திரிய இசை தருகிறது. உட்கார்ந்து கேட்க வேண்டாம், வெங்காயம் நறுக்கும்போது காதில் விழுந்தாலே போதும். அரங்கத்தில் அந்த இடம் வரும்போது தெரிந்த முகத்தைப் பார்த்த மாதிரி இருக்கும்.

37. நேரக் கணக்கைச் சமையல் கணக்கில் வைத்தால் மறக்காது. ராவெலின் ‘பொலேரோ’ கால் மணி நேரம், ஒரு ரசம் வைக்கிற நேரம். பீத்தோவனின் ஐந்தாவது அரை மணிக்குச் சற்று மேல், பருப்பு வேகவைத்துச் சாம்பார் இறக்கிவிடலாம். அவருடைய ஒன்பதாவது 70 நிமிடத்தை ஒட்டி, பிரியாணியே தம் போட்டு இறக்கலாம். அதற்குத் தகுந்தபடி பிள்ளைகளுக்கு எது தாங்கும் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

38. கை தட்டும் இடம் பலருக்குக் குழப்பம். நிகழ்ச்சித் தாளில் சிம்ஃபனியின் பெயருக்குக் கீழே எத்தனை பகுதி போட்டிருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள், பெரும்பாலும் நாலு. விரலை மடக்கி எண்ணுங்கள், நாலாவது முடிந்து நடத்துநர் கையை இறக்கித் திரும்பினதும் தட்டுங்கள். நம் கச்சேரிப் பழக்கத்தில் ‘பலே’ சொல்ல வாய் வரும், அதைக் கடைசிக்குச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

39. இந்தக் கணக்கு தவறும் ஒரு இடம், சைக்கோவ்ஸ்கியின் ஆறாம் சிம்ஃபனி. மூன்றாம் பகுதி பெரிய முழக்கத்தோடு முடியும், எல்லாம் முடிந்ததென்றே தோன்றும். பொறுங்கள். நாலாவது பகுதி அழுது தேய்ந்து ஒன்றுமில்லாமல் அடங்கும்; அது அடங்கின பிறகு வரும் அந்த மௌனத்துக்காகவே அந்தச் சிம்ஃபனியைக் கேட்கலாம்.

40. முதல் முழுச் சிம்ஃபனி எது என்று என்னைக் கேட்டால் ட்வோராக்கின் ஒன்பதாவது, ‘புதிய உலகம்’ என்று பேர். 1893இல் நியூயார்க்கில் அரங்கேறியது, ஊரைவிட்டுத் தூரத்தில் இருந்துகொண்டு எழுதியது. இரண்டாம் பகுதியில் இங்கிலீஷ் ஹார்ன் என்ற குழல் தனியாக ஒரு மெட்டைத் தொடங்கும். வேலைக்கென்று கடல் தாண்டி வந்த குடும்பங்களுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. என் மாமியார் அந்த இடத்தில் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், ஒரு வார்த்தை பேசவில்லை.

41. தொடங்கும் முன் எல்லா வாத்தியமும் ஒன்றாக முனகுவது வாசிப்பு அல்ல, சுருதி சேர்ப்பது. ஓபோ முதலில் ஒரு ஸ்வரம் கொடுக்கும், மற்றவை அதற்குச் சேரும். ஓபோவும் நம் நாகஸ்வரம் மாதிரி சீவாளி வைத்து ஊதுவதுதான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், அந்தக் கருவி அன்றைக்கே சொந்தமாகிவிடும்.

42. இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு வாத்தியத்தைப் ‘பங்கு’ கொடுத்துவிடுங்கள். ஒருத்திக்கு டிம்பனி முரசு, ஒருத்தனுக்கு ஹார்ப். தன் வாத்தியம் எத்தனை தடவை வாசித்தது என்று எண்ணி வீட்டுக்கு வந்து சொல்ல வேண்டும். கைபேசி கேட்கவே மாட்டார்கள்.

43. ஹைடன் பிள்ளைகளின் நண்பர். 94ஆம் சிம்ஃபனியில் மெதுவாகப் போய்க்கொண்டே இருந்து திடீரென்று ஒரு போடு போடுவார். 1772இல் எழுதின 45ஆம் சிம்ஃபனியின் முடிவில் கலைஞர்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியேறுவார்கள், கடைசியில் இரண்டு வயலின் மட்டும் மிஞ்சும். வீட்டுக்குப் போக விடுமுறை வேண்டும் என்று பிரபுவிடம் இசையாலேயே விண்ணப்பம் போட்ட கதை அது.

44. புரோகோஃபியேவின் ‘பீட்டரும் ஓநாயும்’ (1936) கேட்கும் முன் வீட்டில் இருக்கும் பொம்மைகளை எடுத்து வரிசையாக வையுங்கள். பறவை வந்தால் புல்லாங்குழல், வாத்து ஓபோ, பூனை கிளாரினெட், தாத்தா பசூன், ஓநாய் மூன்று ஹார்ன். எந்தப் பொம்மை ‘பேசுகிறது’ என்று தூக்கிக் காட்டச் சொன்னால் அரை மணி நேரத்தில் அரை இசைக்குழுவைத் தெரிந்துகொள்வார்கள், செலவு இல்லை.

45. கர்நாடக வயலின் கற்கும் பிள்ளைகளைத் தந்தி வாத்தியக்காரர்கள் தெரியும் இடமாகப் பார்த்து உட்கார வையுங்கள். அத்தனை வில்லும் ஒரே திசையில் ஏறி இறங்குவதைப் பார்த்தால் வில் பிடிப்பின் அருமை புரியும். சைக்கோவ்ஸ்கியின் நாலாம் சிம்ஃபனியில் மூன்றாம் பகுதி முழுக்கத் தந்தி வாத்தியக்காரர்கள் வில்லைத் தொடாமல் விரலால் மீட்டுவார்கள், அதைக் கட்டாயம் காட்டுங்கள்.

46. வீட்டுப் பெரியவர்கள் ‘நமக்கெதற்கு வெள்ளைக்காரச் சங்கீதம்’ என்றால் இளையராஜாவிலிருந்து தொடங்குங்கள். 1986இல் வந்த அவருடைய ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பை ஒரு ஞாயிறு காலை இட்லியோடு ஓடவிடுங்கள். அவருடைய ‘வேலியன்ட்’ சிம்ஃபனி 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அரங்கேறியதையும் சொல்லுங்கள். பிறகு அவர்களே தேதி கேட்பார்கள்.

47. பிள்ளை வயலின் கேட்டு அடம்பிடித்தால் உடனே வாங்கிவிடாதீர்கள். வளர வளரக் கால், அரை, முக்கால் என்று அளவு மாறிக்கொண்டே போகும், முதல் இரண்டு வருடம் வாடகைக்கு எடுப்பதுதான் லாபம். பெட்டிக்குள் மருந்துப் புட்டியிலும் புதுச் செருப்புப் பெட்டியிலும் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைப் போட்டு வையுங்கள், குளிரூட்டிக் காற்று நேராகப் படும் இடத்தில் வைக்காதீர்கள்.

48. லண்டனில் உறவினர் வீட்டுக்குக் கோடையில் போகிறவர்கள் ராயல் ஆல்பர்ட் ஹாலின் ‘ப்ராம்ஸ்’ கச்சேரிகளுக்கு ஒரு மாலை ஒதுக்குங்கள். 1895 முதல் நடக்கும் தொடர், நின்று கேட்கும் டிக்கெட் மிக மலிவு. தட்டையான செருப்பும் காலுறையும் முக்கியம்.

49. முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் ரயிலுக்கு ஓடுவார்கள், நீங்கள் ஓடாதீர்கள். பூமலையில் மிச்சச் சோற்றைப் பகிர்ந்து சாப்பிட்டுக் கால் மணி கழித்துக் கிளம்புங்கள். எஸ்பிளனேடில் என்றால் தண்ணீரோரத் திறந்தவெளி அரங்கில் யாராவது இலவசமாகப் பாடிக்கொண்டிருப்பார்கள், ஒரு பாட்டு கேட்டுவிட்டு நிதானமாக நடக்கலாம்.

50. சிங்கப்பூர் சிம்ஃபனி இசைக்குழு 1979 ஜனவரி 24 அன்று தன் முதல் கச்சேரியை வாசித்தபோது கலைஞர்கள் 41 பேர்தான். இன்றைக்கு 90க்கும் மேல். நமக்கு இலவசமாகக் கிடைக்கும் மாலைக்கு யாரோ நன்கொடை கொடுத்திருக்கிறார்கள். வருடத்தில் ஒரு தடவை, ஒரு வேளை வெளிச்சாப்பாட்டுக் காசை நாமும் கொடுத்துவிடலாம்.

51. பாயில் ஒரு ஆள் இடத்தை எப்போதும் காலியாக வைத்துக்கொண்டு கிளம்புங்கள். அடுத்த வீட்டுப் பாட்டி, புளோக்குக்குப் புதிதாக வந்த குடும்பத்துப் பெண், நம் வீட்டில் வேலைக்கு உதவும் பெண்ணுக்கு விருப்பம் இருந்தால் அவளும், யாராவது ஒருவர் கூட வரட்டும்; கூடை தூக்க வேண்டாம், பாட்டு கேட்க வரட்டும். அடுத்த பூமலைக் கச்சேரிக்கு யாரை அழைக்கப் போகிறீர்கள் என்று இன்றைக்கே முடிவு செய்து அவர் காதில் போட்டுவிடுங்கள்.